ஐஸ்பெட்டி ரப்பரும் அறுநூறு யூனிட்டும்

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டினால்தான் காசு மிச்சம் பிடிக்க முடியும் என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை உண்டு. மீன் வாங்குவதைக் குறை, மைலோவை நிறுத்து, ஞாயிற்றுக்கிழமை வெளியே சாப்பிடாதே. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. வளரும் பிள்ளைகளும் வயதான அத்தையும் இருக்கும் வீட்டில் சாப்பாட்டில் கை வைப்பது கடைசி வேலையாக இருக்கட்டும். யாருக்கும் பயன்படாமல் இரவும் பகலும் காசு ஒழுகுகிற இடங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. அவற்றைத் தேடிப் பிடித்துச் சரி செய்த வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன். எங்கள் வீடு பினாங்கில் ஜெலுத்தோங் பக்கம், மூன்று அறை அடுக்குமாடி. நான், கணவர், அத்தை, இரண்டு பிள்ளைகள்.

முதலில் பில்லைப் புரிந்துகொள்ள வேண்டும். 2025 ஜூலை 1 முதல் தீபகற்ப மலேசியாவில் மின்கட்டண முறையே மாறிவிட்டது. பழைய முறையில் முதல் 200 யூனிட்டுக்கு 21.80 சென், அடுத்த 100 யூனிட்டுக்கு 33.40 சென் என்று படிப்படியாக ஏறும். மேல் படிக்குப் போனாலும் கீழ்ப்படியின் மலிவு கையில் இருக்கும். இப்போது அப்படி இல்லை. மின்சாரத்துக்கு 27.03 சென், திறன் கட்டணம் 4.55 சென், மின்கம்பி வலைக்கு 12.85 சென், ஆக யூனிட்டுக்கு 44.43 சென். சாதாரண வீடுகளுக்கு எல்லாம் இதே விலைதான். அதிலிருந்து சிக்கனத்துக்கு என்று ஒரு கழிவு தருகிறார்கள். மாதம் 200 யூனிட்டுக்குள் இருந்தால் யூனிட்டுக்கு 25 சென் கழியும். பயன்பாடு ஏற ஏறக் கழிவு சுருங்கும், 1,000 யூனிட்டைத் தாண்டினால் கழிவே கிடையாது. மொத்தப் பயன்பாடு எந்த அடுக்கில் போய் நிற்கிறதோ, அந்த அடுக்கின் கழிவுதான் முதல் யூனிட்டிலிருந்து எல்லாவற்றுக்கும். அதாவது கடைசியில் சேரும் நாலைந்து யூனிட், முன்னால் ஓடிய எல்லா யூனிட்டின் விலையையும் ஏற்றிவிடும்.

இதில் 600 யூனிட் என்பது பெரிய கோடு. அதற்குள் இருந்தால் மாதாந்தரச் சில்லறைக் கட்டணம் 10 வெள்ளி (ரிங்கிட்) கிடையாது, எரிபொருள் விலைக்கு ஏற்ப ஏறி இறங்கும் சரிக்கட்டுத் தொகையும் கிடையாது. தாண்டினால் இரண்டும் வந்து சேரும், கூடவே 600க்கு மேற்பட்ட பயன்பாட்டுக்குச் சேவை வரியும் வரும். எங்கள் பில் மாதாமாதம் அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலேயே நின்றுகொண்டிருந்தது. இருபது, முப்பது யூனிட்டைக் குறைத்தாலே போதும் என்ற நிலை. இப்படி நிற்கிற குடும்பங்களுக்கு ஒரு சின்ன ரிப்பேர்கூட நல்ல பலன் கொடுக்கும்.

சரி, எங்கே தேடுவது? இரவு எல்லாரும் படுத்த பிறகு மீட்டரைப் பார்த்து எண்ணை எழுதி வைத்தேன். ஏர்கோன் போடாத இரவாகப் பார்த்துச் செய்தேன். காலையில் யாரும் எழுந்து சுவிட்ச் தட்டுவதற்கு முன் மறுபடி பார்த்தேன். ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீடுகளில் மின்சார நிறுவனமான தெனாகாவின் செயலியிலேயே அன்றாடப் பயன்பாடு தெரியும், ஆனால் எது தின்கிறது என்று அது சொல்லாது. அதற்கு மெயின் பெட்டியில் ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துப் பார்க்க வேண்டும். இன்னொரு சாமானும் வாங்கினேன். மூன்று கால் பிளக்குக்கும் சுவர் சாக்கெட்டுக்கும் நடுவே செருகுகிற சின்ன வாட் மீட்டர். இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. ஒரு சாதனத்தை அதில் செருகி ஒரு நாள் முழுக்க விட்டால் எத்தனை யூனிட் என்று திரையில் காட்டிவிடும். இந்த வேலைக்கு நான் வாங்கியதிலேயே உருப்படியான சாமான் இதுதான்.

அதில் தெரிந்தவை இரண்டு. ஒன்று ஐஸ்பெட்டி, ஒரு நாளைக்கு 2.4 யூனிட். மற்றது சுடுதண்ணீரும் குளிர்தண்ணீரும் வரும் தண்ணீர் வடிகட்டி, ஒரு நாளைக்கு ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே. இரண்டும் 24 மணி நேரமும் ஓடுபவை.

ஐஸ்பெட்டியை முதலில் எடுத்தேன். கீழே குளிர், மேலே ஐஸ் என்று இரண்டு கதவுள்ள பழைய பெட்டி. ஒரு மணி நேரம் உட்கார்ந்து கவனித்தால் மோட்டார் சத்தம் நிற்பதே அபூர்வம். கதவோரத்தில் தண்ணீர் முத்து முத்தாக வியர்த்திருந்தது. பினாங்குக் காற்றில் ஈரம் அதிகம். கதவு ரப்பரில் இடைவெளி இருந்தால் அந்த ஈரக் காற்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும். மோட்டார் காற்றைக் குளிர்விப்பதோடு, அதிலுள்ள ஈரத்தையும் தண்ணீராக்கிப் பனியாக்க வேண்டும். அந்தக் காற்றால் கூடும் வேலையில் பெரும்பங்கு இந்த ஈரத்தோடுதான்.

ரப்பரைச் சோதிக்கக் கதவுக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு வெள்ளி நோட்டை வைத்து இழுத்துப் பார்க்கச் சொல்வார்கள். நம் ஒரு வெள்ளி நோட்டு பிளாஸ்டிக், வழுவழுவென்று இருக்கும், ரப்பர் நன்றாக இருந்தாலும் சுலபமாக வந்துவிடும். கடை ரசீது மாதிரி சாதாரணக் காகிதம்தான் சரி. சுற்றிலும் ஒரு சாண் இடைவெளியில் வைத்து வைத்து இழுத்தேன். மேல்பக்கம் இறுக்கிப் பிடித்தது. கீல் இருக்கும் பக்கத்தில் கீழ் மூலையில் காகிதம் தானாகவே நழுவி விழுந்தது. ராத்திரி சமையலறை விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசி டார்ச்சை எரியவிட்டு உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினேன். அதே மூலையில் ஒரு விரல் நீளத்துக்கு வெளிச்சம் கோடாகத் தெரிந்தது. அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அடேயப்பா, இது வழியாவா இத்தனை நாளும் காசு போச்சு?" என்றார்.

எல்லா ரப்பரையும் மாற்ற வேண்டியதில்லை. முதலில் வெந்நீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து, பழைய பல்துலக்கியால் மடிப்புக்குள் இருக்கும் அழுக்கைத் தேய்த்து எடுக்க வேண்டும். சாம்பார் சிந்தியது, பால் சிந்தியது, கரும்பூஞ்சை எல்லாம் அந்த மடிப்பில்தான் குடியிருக்கும். கழுவித் துடைத்ததுமே ரப்பர் நன்றாக ஒட்டிக்கொள்ளும் வீடுகள் உண்டு. வளைந்து போயிருந்தால் முடி உலர்த்தும் கருவியால் மிதமான சூடு காட்டிக் கையால் நீவினால் படியும். மேல் கதவு ரப்பர் இந்த இரண்டிலேயே சரியாகிவிட்டது. கீழ்க் கதவு அப்படி இல்லை. மூலையில் ரப்பர் கிழிந்து, உள்ளே இருக்கும் காந்தப் பட்டை தெரிந்தது. கிழிந்ததை ஒட்ட முடியாது, புதிதுதான்.

ஐஸ்பெட்டிக்குள் பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும் தாளில் மாடல் எண் இருக்கும். அதைப் படம் எடுத்துக்கொண்டு, கதவு ரப்பரின் நீள அகலத்தையும் அளந்துகொண்டு உதிரிபாகக் கடைக்குப் போனேன். பழைய ரப்பரில் ஒரு துண்டையும் கொண்டு போவது நல்லது. கதவின் பள்ளத்துக்குள் அமுங்கி உட்காரும் அடிப்பகுதியின் வடிவம் பெட்டிக்குப் பெட்டி மாறும். கடைத் தவுக்கே (முதலாளி) அதைப் பார்த்த மாத்திரத்தில், "இது அமுக்குற டைப், ஸ்க்ரூ வேண்டாம்" என்று எடுத்துக் கொடுத்தார். எழுபது வெள்ளிக்குள் முடிந்தது. ஆள் வந்து போடுவதானால் கூலி தனி.

புது ரப்பர் மடித்துப் பையில் வருவதால் மடிப்புத் தடம் இருக்கும். அப்படியே மாட்டினால் அந்த இடத்தில் ஒட்டாது. பெரிய பேசனில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி அதில் ஊறப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் இளகி நேராகிவிட்டது. இதற்கிடையில் பிளக்கைப் பிடுங்கி, பழைய ரப்பரை மேல் மூலையிலிருந்து இழுத்தேன், முழுதாக உரிந்து வந்தது. பள்ளத்தைத் துணியால் துடைத்து நன்றாகக் காயவிட்டேன். மாட்டும்போது முதலில் நாலு மூலையையும் அமுக்கி உட்கார வைக்க வேண்டும். அப்புறம் ஒவ்வொரு பக்கத்தின் நடுப்பகுதி, அதற்குப் பிறகுதான் மிச்சம். ஒரு முனையிலிருந்து தொடங்கி ஓட்டிக்கொண்டே போனால் கடைசியில் நீளம் இடிக்கும். "அத்தை, கதவைக் கொஞ்சம் ஆடாமல் பிடிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு இரண்டு கட்டை விரலாலும் அமுக்கினேன். சரியாக உட்காரும்போது டக் என்று கைக்குத் தெரியும்.

கீல் பக்கத்தில் ரப்பர் மடங்கிச் சுருளாமல் இருக்க மெல்லிசாக வாசலின் தடவினேன். கதவைச் சாத்தி, அகல டேப்பால் இழுத்து ஒட்டி இரவு முழுக்க விட்டேன். காலையில் மறுபடி காகிதச் சோதனை, மறுபடி டார்ச். வெளிச்சம் எங்கும் இல்லை. முன்கால்கள் இரண்டையும் அரைத் திருகு உயர்த்தி, கதவு தானாகச் சாத்திக்கொள்ளும்படி பெட்டியைத் துளி பின்னால் சாய்த்தேன். பின்புறக் கறுப்புக் கம்பிவலையில் மெத்தை மாதிரி படிந்திருந்த தூசியைத் தூரிகையால் தட்டி எடுத்தேன். சூடு வெளியேறும் இடம் அதுதான். இப்போதைய பெட்டிகள் பலவற்றில் அந்தக் கம்பி வெளியே தெரியாது, பக்கச் சுவர்களுக்குள் இருக்கும். அவற்றுக்குப் பக்கத்தில் காற்றோட்டத்துக்கு இடம் விட்டாலே போதும். நம் ஆட்கள் அந்த இடுக்கில்தான் அரிசி மூட்டையைச் செருகி வைப்பார்கள், அதை எடுத்துவிடுங்கள்.

பிறகு வாட் மீட்டரில் பார்த்தபோது ஒரு நாளைக்கு 1.7 யூனிட். மாதத்துக்கு ஏறக்குறைய 20 யூனிட் குறைவு. மோட்டார் இப்போது நடுநடுவே நன்றாக ஓய்ந்து கிடக்கிறது. கீரை வாடாமல் நாலு நாள் கூடுதலாக இருப்பது மேலதிக லாபம், அதற்கு நான் கணக்குப் போடவில்லை.

தண்ணீர் வடிகட்டிக்கு ரிப்பேர் எதுவும் இல்லை. அதன் சூட்டுத் தொட்டி, யாரும் குடிக்காத நடுராத்திரியிலும் தண்ணீரைத் திரும்பத் திரும்பச் சூடாக்கிக்கொண்டிருந்தது. பின்புறம் சூட்டுக்கு மட்டும் தனி சுவிட்ச் இருக்கிறது, அதை அணைத்துவிட்டோம். ஒரு லிட்டர் தண்ணீரைக் கெண்டியில் கொதிக்க வைக்க 0.1 யூனிட் அளவுதான் ஆகும். காலையில் ஒரு தடவை கொதிக்க வைத்து ஃபிளாஸ்கில் ஊற்றி வைத்தால் அத்தையின் கோப்பிக்கும் பிள்ளைகளின் மைலோவுக்கும் சாயங்காலம் வரை போதும்.

அடுத்தது காற்றாடி. இதை ஏர்கோன் கணக்கில் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். எங்கள் படுக்கையறைக் கூரைக் காற்றாடி ஐந்தாம் நம்பரில் வைத்தாலும் சோம்பலாகச் சுற்றியது. காற்று போதாததால் பிள்ளைகள் ஏர்கோனைத் தட்டுவார்கள். ஒரு கூரைக் காற்றாடி முழு வேகத்தில் 70 வாட் அளவு எடுக்கும். பத்து மணி நேரம் ஓடினாலும் 0.7 யூனிட். ஒரு குதிரைத்திறன் சாதாரண ஏர்கோனின் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினாலே கிட்டத்தட்ட அவ்வளவு போய்விடும். காற்றாடி நன்றாகச் சுற்றினால் ஏர்கோன் ஓடும் மணி நேரம் தானாகவே குறையும்.

மெதுவாகச் சுற்றும் காற்றாடியில் பெரும்பாலும் பழுதாவது கெபாசிட்டர். மெயின் பெட்டியில் அந்த அறையின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கையால் சுற்றிப் பார்த்தேன். தடையில்லாமல் லேசாகச் சுற்றியது, ஆகவே பேரிங்கில் கோளாறு இல்லை. மேல் மூடியைக் கழற்றினால் கூரைக் கொக்கிக்குக் கீழே விரல் பருமனில் ஒரு சின்னப் பெட்டி. அதன் மேல் மைக்ரோஃபாரட் அளவும் வோல்ட் அளவும் அச்சாகியிருக்கும். மைக்ரோஃபாரட் அப்படியே அதே எண்ணாக இருக்க வேண்டும். வோல்ட் அதே அளவாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. வேகம் வேண்டும் என்று பெரிய மைக்ரோஃபாரட் போட்டால் மோட்டார் சூடாகி எரிந்துபோகலாம். பத்து வெள்ளிகூட ஆகவில்லை.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். மின்சாரம் அணைந்ததை டெஸ்ட் பேனாவால் உறுதி செய்த பிறகுதான் கை வைக்க வேண்டும். கெபாசிட்டரில் மிச்ச மின்சாரம் தங்கியிருக்கும், இரண்டு முனையையும் ஒரே நேரத்தில் தொடவே கூடாது. என் கணவர் தொழிற்சாலையில் மின் பராமரிப்பு வேலை செய்பவர், அவர்தான் ஏணியில் ஏறினார், நான் கீழே பிடித்தேன். வீட்டில் அப்படி ஆள் இல்லை என்றால் பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள். அந்தக் கூலியைச் சேர்த்தாலும் புதுக் காற்றாடியைவிட மலிவு.

காற்றாடி வேகம் திரும்பியதும் ஏர்கோனை 26 பாகையில் வைத்து, பிள்ளைகள் அயர்ந்த பிறகு அணையும்படி டைமர் போட்டோம். ஏர்கோன் வடிகட்டி வலையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாயடியில் கழுவிக் காயவைத்து மாட்டுகிறேன். உள்ளே இருக்கும் வேலை அதற்கென்று உள்ள ஆளுடையது, நான் தொடுவதில்லை. இந்த அறையில்தான் யூனிட் அதிகம் குறைந்தது. பில் 600க்குக் கீழே இறங்கி, அதிலேயே நிற்கிறது. நேரத்துக்கு ஏற்ப விலை மாறும் திட்டத்தையும் பார்த்தேன். வார நாள்களில் மதியம் 2 மணியிலிருந்து இரவு 10 மணி வரை விலை கூடுதல். எங்கள் சமையல், துவையல், குளியல் எல்லாம் அந்த நேரத்தில்தான் நடக்கிறது, ஆகவே சேரவில்லை. இரவு வேலைக்குப் போகிறவர்கள் உள்ள வீட்டுக்கு அது பொருந்தலாம்.

மின்சாரம் முடிந்து தண்ணீர். பினாங்குக்கு வரும் தண்ணீரில் பெரும்பகுதி மூடா ஆற்றிலிருந்து எடுப்பது. 2024 ஜனவரியில் சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்றியபோது தீவிலும் பெருநிலத்திலும் நாள்கணக்கில் தண்ணீர் தடைப்பட்டது. வாளி வாளியாக நிரப்பி வைத்துச் சமாளித்தவர்களுக்கு ஒரு வாளியின் அருமை தெரியும். கழிவறைத் தொட்டியிலிருந்து சத்தமில்லாமல் ஒழுகும் தண்ணீரை நினைத்தால் எனக்கு மனசு தாங்காது.

ஒழுகுகிறதா என்று பார்க்கத் தொட்டித் தண்ணீரில் சாயம் கலக்க வேண்டும். நான் சங்குப்பூவைக் கொதிக்க வைத்த நீல நீரை ஊற்றினேன், பலகாரத்துக்குப் பறித்ததில் மிச்சம் இருந்தது. அரை மணி நேரம் யாரும் ஃபிளஷ் பண்ணக் கூடாது. திறந்து பார்த்தால் கிண்ணத்தின் உள்சுவரில் மெல்லிய நீலக் கோடு இறங்கியிருந்தது. தொட்டியின் அடியில் இருக்கும் ரப்பர் வளையம் பிடிக்கவில்லை என்று அர்த்தம். சுவரோரத் திருகு குழாயை மூடி, ஒருமுறை ஃபிளஷ் பண்ணித் தொட்டியைக் காலி செய்தேன். நடுவில் இருக்கும் வால்வைக் கால் திருப்பு திருப்பினால் கையோடு வந்துவிடும். அதன் அடியில் வளையம். அதில் சுண்ணாம்பு மாதிரி கறை படிந்து ஓரம் அலை அலையாக வளைந்திருந்தது. அதே அளவில் ஹார்ட்வேர் கடையில் சில வெள்ளிக்குக் கிடைத்தது. மிதவையையும் இறக்கி, நிரம்பி வழியும் குழாயின் வாய்க்கு இரண்டு சென்டிமீட்டர் கீழே தண்ணீர் நிற்கும்படி வைத்தேன். மறுபடி சங்குப்பூ நீர் ஊற்றிப் பார்த்தேன், கிண்ணம் வெள்ளையாகவே இருந்தது.

பைப் சொட்டுவதையும் அலட்சியமாக விடக் கூடாது. நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு 86,400 சொட்டு, சுமார் 20 லிட்டர். வாஷர் மாற்றக் கால் மணி நேரம் போதும்.

கடைசியாக அடுப்பு. 14 கிலோ சமையல் எரிவாயு உதவித்தொகை விலையில் 26 வெள்ளி 60 சென். மலிவாகத் தெரிகிறது, ஆனால் எங்கள் வீட்டில் தோம்பு (சிலிண்டர்) சீக்கிரம் தீர்ந்துகொண்டிருந்தது. தீ நுனி மஞ்சளாக எரிந்து சட்டி அடியில் கரி பிடித்தது. எரிவாயு முழுதாக எரியவில்லை, சூடும் வீணாகிறது. பர்னர் மூடிகளை வெந்நீரில் சோடா மாவு போட்டு ஊறவைத்து, அடைத்த துளைகளை ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தி, தட்டி, வெயிலில் முழுக்கக் காயவைத்தேன். ஈரத்தோடு மாட்டினால் தீ துள்ளும். இப்போது தீ நீலமாக எரிகிறது, பருப்புக் குக்கரும் சீக்கிரம் விசில் அடிக்கிறது. தோம்பு மாற்றும் ஒவ்வொரு தடவையும் ரெகுலேட்டர் வாயிலும் ரப்பர் ஹோஸ் முழுக்கவும் சோப்பு நுரை தடவிப் பார்க்கிறேன். குமிழ் கிளம்பினால் உடனே ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்துவிட வேண்டும், சுவிட்ச் எதையும் தட்டக் கூடாது. மலேசியத் தரச் சான்று நிறுவனமான சிரிம் முத்திரை உள்ள புது ஹோஸ் மாட்டிய பிறகுதான் அன்றைக்குச் சமையல்.